டையூ தீவில் கேட்காமலே மாறிய கொடிகள்

மும்பை கோட்டைப் பகுதியில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களில் பலர் தினமும் ஐகோர்ட்டுக் கட்டிடத்தைக் கடந்துதான் போகிறார்கள். அந்தக் கோர்ட்டின் அதிகாரம் எந்தெந்த ஊர்களுக்குச் செல்லும் என்று கேட்டால், மகாராஷ்டிரம், கோவா என்று உடனே பதில் வரும். குஜராத் கரையை ஒட்டிக் கிடக்கும் டையூ என்ற சின்னத் தீவும் அதன் கீழ்தான் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

டையூ மீனவன் ஒருவன் அரசாங்கத்தின் மீது ஐகோர்ட்டில் வழக்குப் போட வேண்டுமானால், 90 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வேராவலில் ரெயில் ஏறி மும்பைக்கு வர வேண்டும். பாலத்தைத் தாண்டினால் குஜராத். ஆனால் குஜராத் ஐகோர்ட்டு அவனுக்கு இல்லை. அவனுடைய யூனியன் பிரதேசத்தின் தலைமையிடம் டாமன். காம்பே வளைகுடாவுக்கு மேலே நேராகப் பறந்தால் 200 கிலோமீட்டர். சாலையில் சுற்றிக்கொண்டு போனால் 600 கிலோமீட்டருக்கு மேல். இப்படி ஒரு ஏற்பாட்டை எவனும் காகிதத்தை முன்னால் வைத்து யோசித்துச் செய்திருக்க மாட்டான். இது சரித்திரம் விட்டுப்போன கோலம். அந்தச் சரித்திரத்தில் டையூவின் கொடி பல தடவை மாறியது. ஊர்க்காரர்களைக் கேட்டு மாற்றியது எத்தனை தடவை என்பதுதான் கேள்வி.

தீவின் பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி டையூ மாவட்டத்தில் 52,074 பேர். கிழக்கு முனையில் கோட்டையும் டவுனும். மேற்கு முனையில் வணக்பாரா என்ற மீனவர் ஊர். பாலத்துக்கு அக்கரையில் கோக்லா. பேச்சு குஜராத்தி. தொழில் கடல். கார்வா, கோலி சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் படகு ஓட்டுகிறார்கள். வாளையும் வாவலும் கணவாயும் இறாலும் பிடிக்கிறார்கள். தாராவியில் காய்ந்த பொம்பில் வாங்கிக் குழம்பு வைக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த மீன் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்ற கவலை இருக்காது. அது குவியல் குவியலாக ஏறும் சௌராஷ்டிரக் கடல்தான் டையூக்காரனின் கடலும்.

அடிமை ஆண்ட துறைமுகம்

500 ஆண்டுகளுக்கு முன் டையூ இப்படி மூலையில் கிடந்த ஊர் அல்ல. செங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போகிற கப்பல்கள் நிற்கும் பெரிய துறைமுகம் அது. குஜராத் சுல்தான் மகமூது பேகடாவின் காலத்தில் மாலிக் அயாஸ் என்பவர் அங்கே கவர்னராக இருந்தார். அடிமையாக இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். தன் சாமர்த்தியத்தால் கவர்னராக உயர்ந்தார். துறைமுக வாயிலில் சங்கிலி கட்டி, தான் நினைத்தபோது கப்பலை விடுவார், நினைத்தபோது தடுப்பார்.

1508இல் சௌல் கடலில் எகிப்தின் கப்பல் படையும் குஜராத் படையும் சேர்ந்து போர்ச்சுக்கீசியரை அடித்தன. வைஸ்ராய் அல்மெய்தாவின் மகன் அந்தச் சண்டையில் செத்தான். மகனுக்குப் பழி வாங்க அல்மெய்தா கிளம்பி வந்தார். 1509 பிப்ரவரி 3ஆம் தேதி டையூவுக்கு முன்னால் நடந்த கடற்போரில் எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டை சாமூத்திரி ஆகிய மூன்று தரப்பின் கப்பல்களும் தோற்றன. இந்துமகா சமுத்திரத்தில் ஐரோப்பியர் கை ஓங்கியது அன்றைக்குத்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லுகிறார்கள். பிளாசியையும் வந்தவாசியையும் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இந்த டையூ சண்டையைப் பாடப்புத்தகம் அதிகம் சொல்லவில்லை.

போரில் தோற்றாலும் மாலிக் அயாஸ் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. சிறைப்பிடித்து வைத்திருந்த போர்ச்சுக்கீசியரை மரியாதையோடு திருப்பி அனுப்பினார். சமாதானம் பேசினார். கோட்டை கட்ட மட்டும் இடம் தரவில்லை. அவர் இருந்தவரை அது நடக்கவும் இல்லை.

ஊரைக் கொடுத்தது வேறொருவர். டெல்லியிலிருந்து ஹுமாயூன் படையெடுத்து வந்தபோது சுல்தான் பகதூர் ஷாவுக்குத் துணை தேவைப்பட்டது. 1534இல் வசாய் ஒப்பந்தம் செய்து, வசாயையும் இன்றைய மும்பையின் தீவுகளையும் போர்ச்சுக்கீசியருக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1535இல், டையூவில் கோட்டை கட்டவும் இடம் கொடுத்தார். ஒரே ராஜாவின் ஒரே அவசரத்தில் கைமாறிய ஊர்கள் இவை. மாகிம், பரேல், ஒர்லி தீவுகளில் வலை வீசிக்கொண்டிருந்த கோலிகளையும் யாரும் கேட்கவில்லை. டையூவின் கோலிகளையும் யாரும் கேட்கவில்லை.

கொடுத்த பிறகு சுல்தானுக்குப் புத்தி வந்தது. திரும்ப வாங்கப் பார்த்தார். 1537 பிப்ரவரியில் போர்ச்சுக்கீசிய கவர்னரின் கப்பலுக்கு விருந்தாளியாகப் போய்த் திரும்பும் வழியில் கைகலப்பு ஏற்பட்டு, டையூ கடலிலேயே செத்தார். 1538இல் துருக்கி சுல்தானின் கப்பல் படை எகிப்திலிருந்து வந்து கோட்டையை முற்றுகை போட்டது. பிடிக்க முடியவில்லை. 1546இல் குஜராத் படை மறுபடி முற்றுகை போட்டது. மாதக்கணக்கில் நீண்ட அந்த முற்றுகையைக் கவர்னர் காஸ்ட்ரோ கோவாவிலிருந்து பெரிய கப்பல் படையோடு வந்து உடைத்தார்.

இடிந்த கோட்டையைத் திரும்பக் கட்டக் காசு இல்லை. காஸ்ட்ரோ தன் தாடி மயிரைக் கோவா நகரசபைக்கு அனுப்பி, அதை அடகாக வைத்துக்கொண்டு கடன் தாருங்கள் என்று கேட்டார். லிஸ்பனில் இன்றும் பெருமையாகச் சொல்லுகிற கதை இது. தாடியின் கதை நிலைத்துவிட்டது. அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவன் யார், அவனுக்கு என்ன கூலி என்று எந்தக் கதையிலும் இல்லை.

துணியும் தந்தமும்

சண்டையெல்லாம் இந்தத் துறைமுகத்தின் சுங்கப் பணத்துக்காகத்தான். ஆனால் அந்தப் பணம் நிலைக்கவில்லை. பெரிய கப்பல்கள் சூரத்துக்குப் போகத் தொடங்கின. 1668இல் மஸ்கட் அரபிகள் டையூவுக்குள் புகுந்து சூறையாடினார்கள். அதே 1668இல்தான் இங்கிலாந்து ராஜா, கல்யாணச் சீராக வந்த பம்பாயைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 10 பவுன் வாடகைக்குக் கொடுத்தார். ஒரு தீவு விழுந்த வருஷத்தில் இன்னொரு தீவு எழுந்திருக்க ஆரம்பித்தது. பம்பாய் வளர வளர டையூவுக்கு வேலை குறைந்தது.

மிஞ்சியது ஆப்பிரிக்க வியாபாரம். டையூ வணிகர்கள் குஜராத்தில் நெய்த துணியை மொசாம்பிக்குக்குக் கொண்டுபோனார்கள். யானைத் தந்தம் கொண்டுவந்தார்கள். அடிமைகளையும் ஏற்றி வந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நெசவுக் குடும்பங்களும் கொத்தனார்களும் வணிகர்களைத் தொடர்ந்து மொசாம்பிக்குக்குப் போய்க் குடியேறினார்கள். டையூவில் பிழைப்பு இல்லை என்றால் கடல் கடந்து போவது என்ற வழக்கம் இப்படித்தான் அந்த ஊர் இரத்தத்தில் ஏறியது.

இந்த நீண்ட காலத்தில் போர்ச்சுக்கல்லில் ராஜா போனார், குடியரசு வந்தது, பிறகு சலாசாரின் சர்வாதிகாரம் வந்தது. டையூவில் பத்திரிகைச் சுதந்திரமும் இல்லை, வாய்ச் சுதந்திரமும் இல்லை. 1947இல் அக்கரையில் உனாவிலும் ஜுனாகட்டிலும் காலம் மாறியது; இக்கரையில் மாறவில்லை. 1955 ஆகஸ்டு 15ஆம் தேதி சத்தியாக்கிரகிகள் கோவாவுக்குள்ளும் டாமன், டையூவுக்குள்ளும் நுழையப் பார்த்தார்கள். போர்ச்சுக்கீசியர் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். அதன்பிறகு இந்தியா எல்லையை மூடியது. மூடியது நியாயம். ஆனால் டையூவில் பெண் கொடுத்து உனாவில் பெண் எடுத்த குடும்பங்களுக்கு அது என்ன நியாயம்? ஆறு வருஷம் அக்கரைச் சொந்தத்தின் முகம் பார்க்க முடியாமல் இருந்தவர்கள் உண்டு.

மெட்ராஸ் பட்டாளம் வந்த இரவு

1961 டிசம்பர் 17ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் இந்தியப் படை கிளம்பியது. கோவாவில் நடந்ததை எல்லாரும் பேசுகிறார்கள். அங்கே பெரிய சண்டை இல்லை. டையூவில் சண்டை இருந்தது. ராஜபுத்திரப் பட்டாளத்தினர் மூங்கிலையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் சேர்த்துக் கட்டிய தெப்பங்களில் உப்பங்கழியைக் கடக்கப் பார்த்தார்கள். எதிர்க்கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டது. விடியும் முன்னே கோக்லாவின் எல்லைக் காவல் நிலையத்தைத் தாக்கியது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 4ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி. டையூவின் விடுதலையில் தென்னாட்டுச் சிப்பாயின் பங்கு இது. அந்த ஊரைப் பற்றித் தமிழர்கள் பேச இதைவிடப் பெரிய உரிமைச் சீட்டு வேண்டாம்.

கடலில் ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பல் நின்று குண்டு வீசியது. 1939இல் தென் அமெரிக்கக் கரையில் ஜெர்மன் கப்பல் கிராப் ஸ்பீயை விரட்டிய பழைய அக்கிலிஸ் கப்பல்தான் அது. விமானங்கள் ஓடுபாதையைத் தகர்த்தன. வேகா என்ற சின்னப் போர்ச்சுக்கீசிய ரோந்துப் படகு விமானங்களை எதிர்த்துச் சுட்டு, தன் இளம் தளபதியோடு மூழ்கியது. அந்த இளைஞனின் வீரத்தை இந்தியர்களும் குறைத்துச் சொல்லியதில்லை. 19ஆம் தேதி எல்லாம் முடிந்தது. 1535இல் நுழைந்தவர்கள் 426 ஆண்டுகள் கழித்து வெளியே போனார்கள்.

விடுதலையைப் பற்றிச் சந்தேகம் கிளப்புவதற்கு இது கட்டுரை அல்ல. அன்னிய ஆட்சி போக வேண்டியதுதான். போனது நல்லதுதான். அதற்குப் பின் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரே ஒரு தடவை

1962இல் கோவா, டாமன், டையூ மூன்றும் ஒரே யூனியன் பிரதேசம் ஆயின. 1963 கடைசியில் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தது. 30 இடங்களில் 28 கோவாவுக்கு, ஒன்று டாமனுக்கு, ஒன்று டையூவுக்கு. பஞ்சிம் கூட டையூவிலிருந்து தூரம்தான். 30 பேரில் ஒருவர் எழுந்து பேசினால் எத்தனை பேர் காதில் விழும் என்று கேட்கலாம். இருந்தாலும் அவர் டையூக்காரர்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆள். படகுத்துறை தூர்ந்துபோனால் மந்திரியைப் பார்த்துக் கேட்க ஒரு வாய் இருந்தது.

1967 ஜனவரி 16ஆம் தேதி இன்னும் பெரிய காரியம் நடந்தது. கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்ப்பதா, டாமன் - டையூவைக் குஜராத்தோடு சேர்ப்பதா, அல்லது யூனியன் பிரதேசமாகவே விடுவதா என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். சுதந்திர இந்தியாவில் இது அபூர்வமான காரியம். கோவாவில் சேர்ப்புக்குப் பூ சின்னம், தனியாக இருப்பதற்கு இரண்டு இலை சின்னம். திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முளைப்பதற்கு 6 வருஷம் முன்னாலேயே கோவாவில் இரண்டு இலை ஜெயித்தது என்பது தமிழர்களுக்கு ஒரு சுவாரசியமான சேதி. டாமன், டையூ மக்களும் யூனியன் பிரதேசமாகவே இருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள்.

பேச்சு குஜராத்தி, சாப்பாடு குஜராத்தி, சம்பந்தம் குஜராத்தி. ஆனாலும் குஜராத்தோடு போகவில்லை. ஏன்? குஜராத்தில் மதுவிலக்கு, இங்கே சாராயம் என்று சிலர் கேலியாகப் பதில் சொல்லுவார்கள். சனி, ஞாயிறுகளில் ராஜ்கோட், ஆமதாபாத் கார்கள் டையூவில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் அந்தக் கேலியில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது முழுப் பதில் அல்ல. பெரிய மாநிலத்தின் கடைசித் தாலுக்காவாக ஆகிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற பயம் சிறிய ஊருக்கு இருக்கும். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சிவில் சட்டம் அங்கே இன்னும் நடக்கிறது. கல்யாணத்தைப் பதிவு செய்வதும் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்பதும் அந்த ஊருக்குப் பழகிப்போன வழக்கம். அதையும் விட மனம் வராது.

எப்படியானாலும், டையூவின் நீண்ட சரித்திரத்தில் எந்த ஆட்சி வேண்டும் என்று ஊர்க்காரனைக் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான்.

20 வருஷம் கழித்து, 1987 மே 30ஆம் தேதி, கோவா தனி மாநிலம் ஆனது. கோவாக்காரர்கள் கொண்டாடினார்கள்; கொண்டாட வேண்டியதுதான். அன்றைக்கே டாமன் - டையூ தனி யூனியன் பிரதேசம் ஆனது. அதற்குச் சட்டசபை கிடையாது. டையூவின் எம்.எல்.ஏ. பதவி அன்றோடு போயிற்று. கோவாவுக்கு மந்திரிசபையின் அந்தஸ்து உயர்ந்த அதே நாளில் டையூவுக்கு இருந்த ஒரு நாற்காலியும் எடுக்கப்பட்டது. இதைப் பற்றி யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

பிறகு 2019 டிசம்பரில் பார்லிமெண்டு சட்டம் போட்டது. 2020 ஜனவரி 26ஆம் தேதி முதல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் - டையூவும் ஒன்றாகிவிட்டன. உத்தியோகஸ்தர் எண்ணிக்கை குறையும், செலவு குறையும், நிர்வாகம் சுலபமாகும் என்று காரணம் சொன்னார்கள். டாமனும் சில்வாசாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அவற்றுக்குச் சுலபம்தான். அந்தக் கணக்கில் டையூ எங்கே வருகிறது? பழைய டாமன் - டையூவில் கூட டையூ ஐந்தில் ஒரு பங்குதான். இப்போது அதைவிடச் சின்னப் பங்கு.

மாகிக்கு உண்டு, டையூவுக்கு இல்லை

இங்கே தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன புதுச்சேரியும் சிதறிக் கிடக்கிற பிரதேசம்தான். காரைக்கால் தஞ்சைக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில், மாகி கேரளத்தில். 1954 அக்டோபரில் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப்போட்டு இந்தியாவோடு சேர்ந்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. இன்று புதுச்சேரி சட்டசபையில் தேர்தல் மூலம் வருகிற 30 இடங்களில் காரைக்காலுக்கு 5, மாகிக்கு 1, ஏனாமுக்கு 1.

மாகியின் பரப்பு 9 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி 41,816 பேர். டையூவில் அதைவிடப் பத்தாயிரம் பேர் அதிகம். மாகிக்காரன் தன் எம்.எல்.ஏ.வின் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். டையூக்காரன் எந்த வாசலில் நிற்பது?

பார்லிமெண்டு உறுப்பினர் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார். டாமனுக்கும் டையூவுக்கும் சேர்த்து ஒருவர். ஓட்டில் பெரும்பகுதி டாமனில். மாவட்டப் பஞ்சாயத்தும் நகரசபையும் இருக்கின்றனவே என்பார்கள். தெரு விளக்குக்கும் குப்பைக்கும் அவை போதும். சட்டம் போடவும் நிர்வாகியைக் கேள்வி கேட்கவும் அவற்றால் முடியாது. அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் கூடத்தான் சட்டசபை இல்லை என்று மூன்றாவதாக ஒரு பதில் வரும். அவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்று வாதாடலாம். ஆனால் டையூவின் வழக்கு வேறு. அதற்கு இருந்தது. 24 வருஷம் இருந்ததை எடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் இருப்பது ஒன்று. கொடுத்ததைப் பிடுங்குவது வேறொன்று.

புதுச்சேரி மாதிரி முழுச் சட்டசபை செலவு அதிகம் என்றால், அந்த யூனியன் பிரதேசத்துக்கு ஒரு சிறிய சட்டசபையாவது தரலாம். அதில் டையூவுக்கு, ஜனத்தொகையை மட்டும் பாராமல், தூரத்தையும் பார்த்து இடம் ஒதுக்கலாம். மீன்துறை, துறைமுகம் இரண்டையும் டையூவிலேயே முடிவு செய்கிற அதிகாரியை அங்கேயே உட்கார வைக்கலாம். அதற்குச் சட்டசபை கூட வேண்டாம், ஒரு உத்தரவு போதும்.

பாஸ்போர்ட்டுக் கதை

டையூவைப் பற்றி மும்பையிலும் டெல்லியிலும் இளக்காரமாகப் பேசுகிற ஒரு விஷயம் உண்டு. 1961 டிசம்பர் 19க்கு முன் அங்கே பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் போர்ச்சுக்கீசியக் குடியுரிமை கேட்டு வாங்கலாம் என்று போர்ச்சுக்கல் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு டையூவிலிருந்தும் டாமனிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். லிஸ்பனுக்குப் போனவர்கள் கொஞ்சம். அந்தப் பாஸ்போர்ட்டோடு இங்கிலாந்துக்குப் போய் லெஸ்டரிலும் லண்டன் பக்கத்திலும் பண்டகசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதிகம். ஐரோப்பிய யூனியனிலிருந்து இங்கிலாந்து விலகி, 2020 முடிவோடு அந்தக் கதவு அடைந்துவிட்டது.

தேசப்பற்று இல்லாதவர்கள், வெள்ளைக்காரன் காலைப் பிடிக்கிறவர்கள் என்று இவர்களைத் திட்டுகிறார்கள். திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படகு ஓட்டிக் கடனை அடைக்க முடியாதவன்தான் பாட்டனின் ஞானஸ்நானச் சீட்டையோ பிறப்புப் பதிவையோ தேடி எடுக்கிறான். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிய நிமிஷம் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஊரில் ஓட்டும் போய்விடும். அது தெரிந்தும் வாங்குகிறான் என்றால் அவன் வயிறு எவ்வளவு பேசியிருக்க வேண்டும்?

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுப் பென்சன் வாங்கும் சொல்தாக் குடும்பங்களை யாரும் துரோகி என்று சொல்லுவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரெயில் ஏறித் தாராவிக்கு வந்தவர்களை, 1960களின் கடைசியில் இந்த நகரத்தில் சிலர் அன்னியர் என்று சொல்லி விரட்டப் பார்த்தார்கள். அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். பிழைப்புத் தேடிப் போகிறவனைப் பழிக்கிற பேச்சில் மும்பைத் தமிழன் சேரக்கூடாது.

டையூக்காரனுக்கு இது புதிதும் அல்ல. 1961இல் டையூ விடுதலை ஆனதும் போர்ச்சுக்கீசிய அரசு மொசாம்பிக்கில் இருந்த இந்தியப் பிரஜைகளைக் காவலில் வைத்தது. சொத்தைப் பறித்து நாடு கடத்தியது. நீ இந்தியனா, போர்ச்சுக்கீசியனா என்ற கேள்வி அங்கே இருந்த டையூக் குடும்பங்களுக்குச் சோற்றுக் கேள்வியாகிவிட்டது. 1975இல் மொசாம்பிக் சுதந்திரம் அடைந்தபோது அவர்களில் பலர் மறுபடி மூட்டை கட்டி லிஸ்பனுக்குப் போனார்கள். கொடி மாறுவதால் வருகிற நஷ்டத்தை அந்த ஊர் மூன்று கண்டங்களில் அனுபவித்திருக்கிறது.

கோடு தெரியாத கடல்

போகாமல் ஊரிலேயே இருக்கிறவன் என்ன ஆகிறான்? கரைக்குப் பக்கத்தில் மீன் குறைந்துவிட்டது. விசைப்படகு அதிகம், வலையின் கண் சிறியது, டீசல் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே வடமேற்கே, கட்ச் கடலைத் தாண்டிச் சர் கிரீக் பக்கம் போகிறான். அங்கே இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கடல் எல்லை இன்னும் தீரவில்லை. தண்ணீரில் கோடு கிடையாது. பாகிஸ்தான் ரோந்துக் கப்பல் வந்து படகோடு பிடித்துக்கொண்டு போகிறது. கராச்சிச் சிறையில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கிடக்கிறான். ஆள் விடுதலையாகி வந்தாலும் படகு பெரும்பாலும் வருவதில்லை. படகு போனால் குடும்பம் போயிற்று.

இராமேசுவரத்துத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே 1974இலும் 1976இலும் டெல்லியும் கொழும்பும் உட்கார்ந்து கடலில் கோடு போட்டார்கள். வலை போட்டவனைக் கேட்கவில்லை. ஆனால் இராமேசுவரத்து மீனவன் பிடிபட்டால் சென்னையில் சட்டசபை கொதிக்கிறது. முதல்-மந்திரி கடிதம் எழுதுகிறார். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்கிறது. அதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லைதான். ஆனால் நாடு முழுக்கச் சேதி தெரிகிறது. வணக்பாராவிலிருந்து போனவன் பிடிபட்டால் கடிதம் எழுத முதல்-மந்திரி இல்லை. வெளிநடப்புச் செய்ய எதிர்க்கட்சி இல்லை. குஜராத்துப் படகுகளோடு சேர்த்து எண்ணப்பட்டு, குஜராத் மீனவர் என்ற பெயரிலேயே சேதி போகிறது.

1971 டிசம்பர் 9ஆம் தேதி டையூவுக்கு அப்பால் கடலில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பலை விட்டு இறங்க மறுத்த கேப்டன் முல்லாவும் அதில் ஒருவர். டையூக் கரையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. டெல்லியிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் மாலை வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். அந்த இடத்திலிருந்து வணக்பாரா படகுத்துறை தீவின் மறு முனை, காரில் அரைமணி நேரம். அங்கேயும் ஒரு தடவை போய் வந்தால் நல்லது.

இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1ஆம் தேதியும் ஜூலை 1ஆம் தேதியும் சிறையில் இருப்பவர்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளுகின்றன. 2025 ஜனவரி 1ஆம் தேதிப் பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் 217 மீனவர்கள் இருந்தார்கள். பல வருஷப் பட்டியல்களில் டையூக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். வணக்பாராவில் அந்தத் தேதிகளை நாட்காட்டியில் பார்க்காமலே சொல்லும் பெண்கள் உண்டு. பட்டியல் வந்த மறுநாள் அவர்கள் மனுவை எழுதி எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறார்கள். அங்கே வாங்கி வைத்துக்கொள்ளுகிறார்கள். டாமனுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லுகிறார்கள்.